கிராந்த் ஜாத் தீவுக்கு உடுத்திக்கொண்டு வந்த ஞாயிறு

ஏறக்குறைய 50 பேர் பொழுதுபோக்க வந்திருக்கும் படம் இது. ஆனால் ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. யாரும் யாரோடும் பேசுவதாகத் தெரியவில்லை. பெரும்பாலானவர்கள் பக்கவாட்டில் திரும்பி ஆற்றைப் பார்த்தபடி இருக்கிறார்கள். 1884இல் தொடங்கி 1886இல் பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூரா முடித்த 'கிராந்த் ஜாத் தீவில் ஒரு ஞாயிறு' என்ற ஓவியம், குடைகளிலும் காபிக் கோப்பைகளிலும் காலண்டர்களிலும் அச்சாகி அச்சாகி, இனிமையான ஒரு பிக்னிக் காட்சி என்ற பெயரை வாங்கிவிட்டது. சிக்காகோ கலை நிலைய அருங்காட்சியகத்தில் இருக்கும் மூலம் இரண்டு மீட்டர் உயரமும் மூன்று மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான அகலமும் கொண்டது. கிட்டத்தட்ட ஒரு சுவரை அடைத்து நிற்கும் அந்த அளவில் அது இனிமையான காட்சியாகத் தோன்றுவதில்லை. கூட்டமாக வந்து, தனித்தனியாக இருக்கிறவர்களின் படமாகத்தான் தோன்றுகிறது.

ஓய்வாக இருக்கிறோம் என்று காட்டிக்கொள்வதுதான் இந்தப் படத்தின் விஷயம் என்பது என் எண்ணம். யாருக்கு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது, அதை எதை உடுத்திக்கொண்டு கழித்தார்கள், பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தார்கள் என்பதையெல்லாம் சூரா கூர்ந்து பார்த்திருக்கிறார். இதைப் புரிந்துகொள்ள முதலில் அந்த இடத்துக்குப் போக வேண்டும்.

கிராந்த் ஜாத் என்பது பாரிஸின் வடமேற்கே, சேன் ஆற்றின் நடுவே நீளவாக்கில் கிடக்கும் தீவு. ஒரு கரையில் நெய்யியும் லெவல்வாவும். எதிர்க்கரையில் கூர்பெவ்வா, சற்றுத் தள்ளி அனியேர். சேன்-லசார் நிலையத்தில் ரயில் ஏறினால் அனியேருக்குச் சில நிமிடப் பயணம்தான். ரயில் வந்த பிறகு இந்தக் கரைகள் பாரிஸ்காரர்களின் ஞாயிற்றுக்கிழமை இடங்களாக மாறின. படகு வாடகைக்குக் கிடைத்தது. உணவகங்களும் நடனக் கூடங்களும் வந்தன. அதே கரைகளில் தொழிற்சாலைகளும் வந்தன. தீவிலிருந்து ஆறு கீழே போகும் வழியில், கிளிஷியில், பாரிஸ் நகரத்தின் பெரிய சாக்கடை சேனில் கலந்தது. படத்தில் இவை எதுவும் இல்லை. தண்ணீர் நீலமாக, சுத்தமாக இருக்கிறது. புகைபோக்கிகளை சூரா வேறொரு படத்துக்கு வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வருகிறேன்.

பெயரில் உள்ள ஞாயிற்றுக்கிழமையும் நினைப்பதுபோல எளிதான விஷயம் இல்லை. பிரான்ஸில் ஞாயிறு வேலை செய்யக் கூடாது என்று 1814இல் ஒரு சட்டம் இருந்தது. அது மதத்தின் பேரில் வந்த சட்டம் என்பதால் அன்றைய பிரெஞ்சு அரசான மூன்றாம் குடியரசு 1880இல் அதை நீக்கியது. வார விடுமுறையைக் கட்டாயமாக்கும் புதுச் சட்டம் 1906 ஜூலையில்தான் வந்தது. இடைப்பட்ட 26 ஆண்டுகளில் ஞாயிறு விடுமுறை என்பது முதலாளி கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கடைச் சிப்பந்திகள் ஞாயிற்றுக்கிழமை கடையை மூடச் சொல்லிப் போராடிக்கொண்டிருந்த காலம் அது. சூரா 1884 மே மாதத்தில் தீவுக்குப் போய் வரையத் தொடங்கியது அந்த இடைவெளியின் நடுவில். படம் முதலில் வைக்கப்பட்ட இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களின் 1886 கண்காட்சிப் பட்டியலில் படத்தின் பெயரிலேயே 'ஞாயிறு' என்ற சொல்லையும் 1884 என்ற ஆண்டையும் சேர்த்துப் போட்டார். அதைப் படித்த பாரிஸ்காரர்களுக்கு ஞாயிறு என்பது விடுமுறையின் பெயர் மட்டுமல்ல, ஒரு சச்சரவின் பெயரும்கூட.

சரி, படத்துக்குள் போவோம். இடப்பக்க மூலையில் நிழலில் மூன்று பேர் இருக்கிறார்கள். முன்னால் ஒருவன் கையில்லாத பனியன் போன்ற சட்டையும் தொப்பியுமாக, வாயில் புகைக்குழாயோடு, முழங்கையை ஊன்றிச் சாய்ந்து படுத்திருக்கிறான். படகு தள்ளுபவனின் உடுப்பு அது. உடம்பு வணங்கி வேலை செய்கிற கை. அவனுக்குப் பின்னால் ஒரு பெண், தன் மடியைப் பார்த்துக் குனிந்தபடி. அவளை அடுத்து உயரத் தொப்பியும் கைத்தடியுமாக மெலிந்த ஓர் ஆள், விறைப்பாக உட்கார்ந்திருக்கிறான். படத்தில் மூவரும் ஒட்டி ஒட்டி இருக்கிறார்கள். படகுக்காரனின் உடம்பு மற்ற இருவர்மேல் பட்டுவிடும்போல நீண்டு கிடக்கிறது. ஆனாலும் இந்த மூவரும் சேர்ந்து வந்தவர்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அக்காலப் பாரிஸில் அந்தப் பனியனும் அந்த உயரத் தொப்பியும் அரை அடி தூரத்தில் உட்காரும் சந்தர்ப்பம் வேறெங்கே இருந்தது? வீட்டு வரவேற்பறையில் கிடையாது, ஓபராவிலும் கிடையாது. ரயில் கட்டணம் மலிவானதால் இந்தப் புல்வெளியில் மட்டும் அது நடந்தது. எல்லாரும் ஆற்றைப் பார்ப்பதற்கு இதுவும் காரணம் என்று நினைக்கிறேன். ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தால் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க வேண்டியதில்லை.

இடது மூலையில் படுத்திருப்பவனை அளவாலேயே அடக்குவதுபோல வலது ஓரத்தில் ஒரு ஜோடி நிற்கிறது. ஆணின் கையில் சுருட்டு, தலையில் உயரத் தொப்பி. அவனை மறைத்துக்கொண்டு முன்னால் நிற்கும் பெண்ணின் உடைதான் படம் முழுவதிலும் பெரிய உருவம். இடுப்பு வரை இறுகப் பிடித்த மேல்சட்டை, அதன்பின் பின்பக்கம் திடீரென்று அலமாரித் தட்டுபோல வெளியே நீளும் பாவாடை. உள்ளே கம்பியும் மெத்தையும் வைத்துத் தூக்கி நிறுத்தும் இந்தப் பாணி 1870களில் ஒருமுறை வந்து போய், 1883 வாக்கில் முன்னைவிடத் துருத்தலாகத் திரும்பி வந்தது. 1880களின் முடிவில் மறைந்தும் போனது. சூரா வரைந்த இரண்டு ஆண்டுகளும் அந்தப் பாணியின் உச்ச காலம். படத்தை நுட்பமாக ஆராய்ந்த சிக்காகோ அருங்காட்சியகத்தார் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறார்கள். முதலில் வரைந்த பாவாடை இத்தனை பெரிதாக இல்லை. இரண்டாம் சுற்றில் அதன் வளைவை சூரா இன்னும் வெளியே தள்ளிப் பெரிதாக்கியிருக்கிறார். ஃபேஷன் மாறியதைப் பின்தொடர்ந்தாரோ, வடிவத்தை அழுத்திச் சொல்ல நினைத்தாரோ, எப்படியானாலும் அந்தத் துருத்தல் அவர் வேண்டுமென்றே செய்தது.

அந்தப் பெண் கையில் ஒரு கயிறு. கயிற்றின் முனையில் ஒரு குட்டிக் குரங்கு. இந்தக் குரங்கைப் பற்றி எழுதப்பட்டதை மட்டும் திரட்டினாலே ஒரு புத்தகம் ஆகும். அந்தக் காலப் பாரிஸ் கொச்சைப் பேச்சில் பெண்குரங்கு என்பது விலைமகளைக் குறிக்கும், ஆகவே இவள் அப்படிப்பட்டவள் என்பது பலர் சொல்லும் விளக்கம். இடது பக்கம் ஆற்றோரமாக நின்று தூண்டில் போடும் பெண்ணுக்கும் இதே பட்டத்தைக் கட்டுகிறார்கள். இருக்கலாம். தீவைப் பற்றி அன்று ஊரில் இருந்த பேச்சும் அப்படியொன்றும் சுத்தமானதில்லை. ஆனால் படத்தைப் புதிராக்கி, ஒவ்வொரு பெண்ணுக்கும் 'இவள் ஒழுக்கமானவள், இவள் அப்படியில்லை' என்று விடை எழுதும் இந்த முறை எனக்கு ஒப்பவில்லை. காரணம் இதுதான்: அந்தப் பெண்ணின் உடையை வைத்து அவள் யார் என்று 1886இல் நேரில் பார்த்தவர்களாலேயே சொல்ல முடிந்திருக்காது. தெரியாமல் இருப்பதுதான் அன்றைய நகரத்தின் புதிய அனுபவம். படத்தின் முக்கால்வாசி பலமும் அதில்தான் இருக்கிறது.

இது எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். 1850களுக்குப் பிறகு பாரிஸில் போன் மார்ஷே, பிரந்தாம், சமரித்தேன் என்று பெரிய பெரிய பல்பொருள் மாளிகைகள் எழுந்தன. விலை எழுதி ஒட்டியிருந்தது. பேரம் பேச வேண்டியதில்லை. வாங்காமல் சுற்றிப் பார்த்துவிட்டும் வரலாம். ரெடிமேட் உடைகள் குவிந்தன. தையல்காரரை வீட்டுக்கு வரவழைத்த சீமாட்டி உடுத்தும் வடிவமே, மலிவான துணியில், கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் விற்பனைப் பெண்ணுக்கும் கிடைத்தது. 1872இல் அரசியல்வாதி லெயோன் காம்பெத்தா 'புதிய சமூக அடுக்குகள்' வந்துவிட்டதாகப் பேசி வலதுசாரிகளை அதிரவைத்தார். குமாஸ்தாக்கள், சிப்பந்திகள், சிறு வியாபாரிகள். கையால் வேலை செய்யாதவர்கள், ஆனால் சொத்து இல்லாதவர்கள். அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமை உடுப்பும் ரொம்ப முக்கியம். வாரம் முழுக்க யாரோ ஒருவரின் கடையில் நின்றவர் அந்த ஒரு நாள் கனவானாக நடக்கலாம். கலை வரலாற்றாசிரியர் டி. ஜே. கிளார்க் இந்தப் படத்தை இந்த வழியில்தான் வாசித்தார்: வகுப்புகள் ஒரே இடத்தில் கலக்கின்றன, ஆனால் ஒன்றாகவில்லை.

1886இல் படத்தைப் பார்த்த பலரும் உருவங்கள் மரப்பொம்மைபோல, எகிப்திய சிற்பம்போல விறைத்து நிற்கின்றன என்று குறை சொன்னார்கள். எழுத்தாளர் போல் ஆதாம் மட்டும் அதைத் திருப்பிப் போட்டார். உடம்போடு ஒட்டிய நம் உடுப்புகளும், அடக்கிவைத்த அசைவுகளும், எல்லாரும் காப்பியடிக்கிற ஆங்கிலேயப் போலி மரியாதையும் அப்படித்தான் விறைப்பாக இருக்கின்றன என்றார். அன்றைக்கு வந்த விமர்சனங்களிலேயே படத்துக்கு மிக நெருங்கியது அதுதான் என்று நினைக்கிறேன். இறுக்கமான உள்கச்சையும் பின்னால் கம்பிக்கூடும் வைத்துக்கொண்ட பெண்ணால் புல்லில் உருண்டு படுக்க முடியாது. சாய்ந்துகூட உட்கார முடியாது. நின்றுகொண்டுதான் ஓய்வெடுக்க வேண்டும். படத்தில் உடம்பை நீட்டிப் படுத்திருப்பவர்களில் முதலில் கண்ணில் படுபவன், அந்த உடுப்பெல்லாம் இல்லாத படகுக்காரன்.

இன்னொரு உருவம் இருக்கிறது. பலர் கவனிக்காமல் போய்விடுவார்கள். இடப்பக்கம், முன்வரிசை மூவருக்குப் பின்னால், மரத்தடியில் குடை பிடித்த ஒரு வயதான அம்மாள். அவருக்குப் பக்கத்தில் நமக்கு முதுகு காட்டி ஒரு சாம்பல் மொத்தை. தலையில் வெள்ளைத் தொப்பி, அதிலிருந்து முதுகில் தொங்கும் சிவப்பு நாடா. முகம் இல்லை, கை இல்லை. அது ஒரு தாதி. வசதியான குடும்பங்களில் குழந்தைக்குப் பால் கொடுக்கக் கிராமத்திலிருந்து வரும் பெண்கள் அணியும் தொப்பி அது. அந்தத் தொழில் அன்று எவ்வளவு பெரிதாக இருந்தது என்றால், தாதிகளிடம் விடப்படும் குழந்தைகளைக் கண்காணிக்க 1874 டிசம்பரில் ரூசெல் சட்டம் என்ற தனிச் சட்டமே போட்டார்கள். இந்தப் படத்துக்காக சூரா எண்ணெய் வண்ணச் சிறு பலகைகளும் கரிக்கோல் வரைவுகளுமாக ஏறக்குறைய 60 முன்வரைவுகள் செய்தார். தாதியும் அவற்றில் இடம்பெறுகிறாள். ஒவ்வொரு முறையும் அவள் இன்னும் சுருங்கி, முடிவில் வட்டமும் நாடாவுமாக மட்டும் நிற்கிறாள். லிண்டா நாக்லின் என்ற கலை வரலாற்றாசிரியர் இவளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். எனக்கு இவளிடம் தோன்றுவது ஒன்று: சுற்றிலும் எல்லாரும் விடுமுறையில் இருக்க, இவள் வேலையில் இருக்கிறாள். இவளுடைய உடுப்பு ஞாயிற்றுக்கிழமை உடுப்பு இல்லை, சீருடை. அப்படிப் பார்த்தால் பின்னணியில் சேர்ந்து நிற்கும் இரண்டு சிப்பாய்களும் இவளுக்கு உறவு.

இப்போது அந்த இன்னொரு படம். கிராந்த் ஜாத்துக்கு முன்னால், 1883-84இல், சூரா 'அனியேரில் குளிப்பவர்கள்' என்ற படத்தை வரைந்தார். கிட்டத்தட்ட அதே அளவு. இன்று லண்டன் தேசிய கலைக்கூடத்தில் இருக்கிறது. பாரிஸின் ஆண்டுப் பெருங்கண்காட்சியான சலோனின் 1884 நடுவர்கள் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எதிர்க்கரையில் தொழிலாளிப் பையன்களும் ஆட்களும் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தூரத்தில் கிளிஷியின் தொழிற்சாலைப் புகைபோக்கிகள். ஆற்றின் நடுவே ஒரு படகு, அதில் பிரெஞ்சுக் கொடி, உயரத் தொப்பி வைத்த ஆண், வெயில்குடை பிடித்த பெண். படகு போவது கிராந்த் ஜாத் பக்கமாக. குளிப்பவர்கள் வலது பக்கம் பார்க்கிறார்கள். தீவில் இருப்பவர்கள் இடது பக்கம் பார்க்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் ஆற்றின் இரண்டு கரைகளும் ஒன்றையொன்று பார்க்கும். இவற்றை ஜோடிப் படங்களாகத் திட்டமிட்டதாக சூரா எங்கும் எழுதிவைக்கவில்லை. ஆனால் தொழிலாளிகளின் கரையில் உடுப்பு கழற்றப்பட்டிருக்கிறது, தீவில் உடுப்பு குவிந்திருக்கிறது என்பதை யாரும் தற்செயல் என்று சொல்வது கடினம்.

சூரா யார் பக்கம்? அவர் நீதிமன்ற அமீனாவாக இருந்த ஒருவரின் மகன். வீட்டுக் காசு இருந்ததால் படம் விற்றுச் சாப்பிட வேண்டிய அவசியம் இல்லை. உயரத் தொப்பியும் கறுப்புக் கோட்டுமாக நேர்த்தியாக உடுத்துவார் என்று தெரிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அரசியல் பேசியதற்குச் சான்று அதிகமில்லை. தன் படத்தில் கவிதை இருப்பதாக மற்றவர்கள் சொன்னபோது, நான் என் முறையைப் பயன்படுத்துகிறேன், அவ்வளவுதான் என்று சொன்னவர். ஆனால் ஏதென்ஸின் பார்த்தெனான் கோயிலில் பண்டைய கிரேக்கச் சிற்பி ஃபிடியாஸின் சிற்ப ஊர்வலம்போல நவீன மனிதர்களை அவர்களின் சாரத்தோடு நடக்கவைக்க விரும்புவதாக நண்பர் குஸ்தாவ் கானிடம் சொல்லியிருக்கிறார். ஏதென்ஸ்காரர்கள் தெய்வத்துக்கு ஆடை எடுத்துப்போன ஊர்வலம் அது. பாரிஸ்காரர்கள் தங்கள் ஆடையைத் தாங்களே ஊர்வலம் விட்டார்கள்.

அந்த முறை என்ன என்பதையும் சொல்ல வேண்டும். வேதியியலாளர் ஷெவ்ரல் 1839இல் விளக்கிய நிற எதிர்மறை விதியையும், அமெரிக்க இயற்பியலாளர் ஆக்டன் ரூட் எழுதியதையும் சூரா ஆழ்ந்து படித்தார். பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு நிறங்கள் ஒன்றையொன்று மாற்றும். ஆகவே வண்ணங்களைத் தட்டில் குழைக்காமல் சிறு கோடுகளாகவும் புள்ளிகளாகவும் கித்தானிலேயே அருகருகே வைத்தார். விமர்சகர் ஃபெலிக்ஸ் ஃபெனியோன் நிழலில் இருக்கும் புல்லின் ஒரு சிறு பரப்பை எடுத்து விளக்குகிறார்: பெரும்பாலான தீற்றல்கள் புல்லின் பச்சை, ஆங்காங்கே ஆரஞ்சு, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத வெயிலுக்காக, பச்சைக்கு எதிர்நிறமாக ஊதா, பக்கத்து வெயில் புல் தூண்டிவிடும் நீலம். இந்த முறைக்கு 'நவ இம்ப்ரெஷனிசம்' என்ற பெயரைக் கொடுத்ததும் அவர்தான். படம் முழுக்கப் புள்ளி என்று நினைப்பது சரியில்லை. 1884-85இல் தூரிகைத் தீற்றல்களால் வரைந்து முடித்ததன் மேல்தான், 1885 இலையுதிர்காலத்துக்குப் பிறகு, புள்ளிகள் வந்தன. ஓரத்தில் ஓடும் வண்ணப் புள்ளிக் கரை அதற்கும் பிந்தியது.

இந்த முறைக்கும் நான் சொல்லும் விஷயத்துக்கும் தொடர்பு உண்டு. கிட்டே போனால் சீமாட்டியின் பாவாடையும் தாதியின் முதுகும் குரங்கின் வாலும் ஒரே மாதிரிப் புள்ளிகள்தான். பட்டு என்றும் பருத்தி என்றும் காட்ட அக்கால ஓவியர்கள் துணியின் பளபளப்பை எவ்வளவு ஆசையாகத் தீட்டினார்கள் என்று நினைத்துப் பாருங்கள். சூரா அதை முழுக்க விட்டுவிட்டார். துணியின் தரம் தெரியாது, வடிவம் மட்டும்தான் தெரியும். அசலா மலிவுச் சரக்கா என்று கண்டுபிடிக்கும் வழியை அடைத்துவிட்டார்.

இன்று படத்தைப் பார்ப்பவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். வெயில் புல்லுக்கு சூரா பயன்படுத்திய துத்தநாக மஞ்சள் நிலைக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே பழுப்பேறத் தொடங்கி, 1892இல் ஃபெனியோனே அதைச் சொல்லி வருந்தினார். ஒளிர்ந்திருக்க வேண்டிய மஞ்சள் புள்ளிகள் காவியாகவும், பச்சை ஆலிவ் நிறமாகவும் மங்கிவிட்டன. தத்துவவாதி எர்ன்ஸ்ட் பிளாக் இந்தப் படத்தில் அலுப்பைத் தவிர வேறெதையும் காணவில்லை. அவர் பார்த்த மங்கலில் கொஞ்சம் வேதியியலின் வேலை. விறைப்பு மட்டும் சூராவுடையது. அந்த விறைப்பிலும் ஒரு விலக்கு இருக்கிறது: வலது நடுவில் முடி பறக்க ஓடுகிற ஒரு சிறுமி. நாக்லின் அவளிடம் நம்பிக்கையைக் கண்டார். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். அவளுக்கு இன்னும் கம்பிவைத்த பாவாடை போடும் வயது வரவில்லை என்றுதான் சொல்வேன்.

1886 ஆகஸ்டில் இண்டிபெண்டண்ட் கலைஞர்களின் கண்காட்சியிலும் படம் மறுபடி வைக்கப்பட்டது. அதன்பின் சூரா தொடங்கியது 'மாடல்கள்' என்ற படம். 1888இல் முடிந்தது, இப்போது பிலடெல்பியாவின் பார்ன்ஸ் நிறுவனத்தில் இருக்கிறது. இடம் அவருடைய ஓவியக்கூடம். இடது சுவரில் கிராந்த் ஜாத் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. தெரிவது அதன் வலது பாதி, அந்தப் பெரிய பாவாடையும் குரங்கும். அதன் முன்னால் உடையில்லாமல் மூன்று பெண்கள். ஒருத்தி நம்மைப் பார்த்து நிற்கிறாள், ஒருத்தி முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாள், மூன்றாமவள் குனிந்து காலுறையோடு மல்லுக்கட்டுகிறாள். தரையிலும் நாற்காலியிலும் தொப்பி, கையுறை, குடை, செருப்பு. தீவில் நின்ற உடுப்புகள் அத்தனையும் இங்கே கழற்றிப் போடப்பட்டுக் கிடக்கின்றன. அவற்றை மணிக்கணக்கில் அணிந்து நிற்பதும் கழற்றி நிற்பதும் இந்தப் பெண்களின் கூலி வேலை. அந்தப் படத்துக்கு என்ன விலை என்று 1889இல் பிரஸ்ஸல்ஸிலிருந்து கேட்டபோது, சூராவுக்கு விலை சொல்லத் தெரியவில்லை. கடைசியில் ஒரு தொழிலாளி கணக்குப் போடுவதைப்போலத்தான் போட்டார்: ஓர் ஆண்டு, நாளுக்கு ஏழு ஃபிராங்க்.